தலைச்சுற்றும் செவிக்குள் இருக்கும் சிறு கற்களும்

பூமி தன்னைத்தானே சுற்றுகின்றது என்று பாடசாலையிலே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அவர்களும் அதனை மறுப்பின்றி ஏற்றுப் பரீட்சையில் எழுதுகின்றார்கள். ஆயினும், அந்தச் சுழற்சியைத் தம் உடம்பினால் உணர்ந்தவர் எவரும் இலர். சுழலும் நிலத்தின்மீது அசைவற்றவர்போல உண்டும் உறங்கியும் வாழ்கின்றோம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. அசையாத கட்டிலிலே படுத்திருக்கும் ஒருவர் விடியற்காலையில் ஒரு பக்கமாகத் திரும்புகின்றார். உடனே கூரையும் சுவரும் யன்னலும் அவரைச் சுற்றிப் பறக்கத் தொடங்குகின்றன. கட்டிற் சட்டத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றார், வயிறு குமட்டுகின்றது, இறுதிக் காலம் வந்துவிட்டதோ என்று நெஞ்சம் பதைக்கின்றது. அரை நிமிடத்திற்குள் யாவும் அடங்கிவிடுகின்றன. அச்சம் மாத்திரம் அடங்குவதில்லை.

உள்ள சுழற்சியை உணராத உடம்பு, இல்லாத சுழற்சியை உணர்வது ஏன்? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் தெளிவான விடை கண்டிருக்கின்றது. அந்த விடையைப் பொதுமக்களுட் பலர் இன்னும் அறியவில்லை. அறியாமையினாலே சிலர் எளிதில் மாறக்கூடிய ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கிற் குளிசை விழுங்குகின்றனர். வேறு சிலரோ, உடனே வைத்தியசாலைக்கு விரைய வேண்டிய வேளையிலும் "பித்தந்தான், தேசிக்காயைத் தலையில் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். இவ்விரு சாராரையும் எண்ணியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

மயக்கம் வேறு, சுழற்சி வேறு

தலைச்சுற்று ஒரு நோயன்று. அது ஒரு நோய்க்குறி. காய்ச்சல் எவ்வாறு பல நோய்களுக்குப் பொதுவானதோ, அவ்வாறே தலைச்சுற்றும் பலவற்றிற்குப் பொதுவானது. எனவே, "தலைச்சுற்றுக்கு மருந்து என்ன?" என்று வினவுவதற்கு முன்பு, "எதனால் வந்த தலைச்சுற்று?" என்று வினவ வேண்டும்.

எமது பேச்சு வழக்கிலே கிறுதி, மயக்கம், தலைச்சுற்று, தலை அம்மல் என்பன ஒன்றற்குப் பதிலாக மற்றொன்று வழங்குகின்றன. திருவிழாக் காலத்தில் விரதத்தோடு வெயிலில் நெடுநேரம் நின்றவர் கண் இருண்டு சாய்வதுண்டு. இரத்த அழுத்தத்திற்குக் குளிசை எடுப்பவர் கட்டிலிலிருந்து திடீரென எழும்போது தடுமாறுவதுண்டு. நீரிழிவுக்கு மருந்து எடுத்துவிட்டு உணவைத் தவறவிட்டவர் வியர்த்து நடுங்குவதுண்டு. இரத்தச் சோகை உள்ளவருக்குத் தலை வெறுமையாகத் தோன்றுவதுண்டு. இவை யாவும் மயக்கத்தின் பாற்பட்டவை. மூளைக்குப் போதிய இரத்தமோ வெல்லமோ ஒட்சிசனோ கிடைக்காமையே இவற்றின் அடிப்படை.

நாம் இங்கே சொல்லப் புகுந்தது வேறொன்று. தாமோ தம்மைச் சுற்றியுள்ள பொருள்களோ சுழல்வதாகவும் சாய்வதாகவும் உணரும் நிலையே அது. இதன் பிறப்பிடம் பெரும்பாலும் பித்தப்பையுமன்று, இரத்தமுமன்று, செவி.

செவிக்குள் ஒரு நீர்மட்டம்

செவி கேட்பதற்காக மாத்திரம் அமைந்த பொறியன்று. மண்டையோட்டின் எலும்புக்குள்ளே ஆழப் புதைந்திருக்கும் உட்செவிக்கு மற்றொரு கடமையும் உண்டு. மேசன்மார் சுவரின் மட்டம் பார்க்க நீர்மட்டம் வைத்திருப்பதைப்போல, உடம்பின் நிலையை அறிவதற்கு இயற்கை அங்கே ஒரு கருவியை வைத்திருக்கின்றது.

அதன் ஒரு பகுதி மூன்று அரைவட்டக் கால்வாய்கள். ஓர் அறையின் மூலையிலே இரண்டு சுவர்களும் நிலமும் சந்திப்பதைப்போல அவை ஒன்றற்கொன்று செங்கோணமாக அமைந்துள்ளன. ஆகையால் தலையை எப்பக்கம் திருப்பினும் ஒரு கால்வாயேனும் அதனை அறியும். கால்வாய்களுக்குள் ஒரு நீர்மம் நிரம்பியிருக்கின்றது. தலை திரும்பும்போது கால்வாயும் திரும்புகின்றது; உள்ளிருக்கும் நீர்மமோ சற்றுப் பின்தங்குகின்றது. அப்பின்தங்கல் நுண்ணிய மயிர்களையுடைய கலங்களை வளைக்கின்றது. நரம்பின் வழியே அச்செய்தி மூளைக்குச் செல்கின்றது.

பிள்ளைகள் முற்றத்திலே கைகளை விரித்துச் சுழன்று விளையாடிவிட்டு நின்றதும் விழுந்து சிரிப்பதைக் கண்டிருப்பீர்கள். உடம்பு நின்ற பின்னரும் கால்வாயிலுள்ள நீர்மம் நிற்காமல் ஓடுவதே அதற்குக் காரணம். பூமியின் சுழற்சியை நாம் உணராமைக்கும் விடை இங்கே கிடைக்கின்றது. இக்கால்வாய்கள் வேகத்தை அல்ல, வேகம் மாறுவதையே அறிவன. பூமியோ மணிக்கு 15 பாகை என்ற மெதுவான, மாறாத வேகத்திற் சுழல்கின்றது.

கருவியின் மறுபகுதி இரண்டு சிறு பைகள். அவற்றினுள்ளே பசைபோன்ற படலம் ஒன்றன்மீது எண்ணிறந்த சிறு பளிங்குகள் பதிந்து கிடக்கின்றன. அவை கல்சியங் காபனேற்றினால் ஆனவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலே பரந்து கிடக்கும் சுண்ணக்கல்லும் இதே பொருளால் ஆயதுதான். தலை சாயும்போது இக்கற்களின் பாரமும் சாய்கின்றது. மேல் எது, கீழ் எது என்று மூளை அதனாலே தெரிந்துகொள்கின்றது.

இடம் மாறிய கற்கள்

வயது செல்லச் செல்ல இப்பளிங்குகளிற் சில படலத்தை விட்டுக் கழன்றுவிடுகின்றன. தலையில் அடிபட்டவர்க்கும், நெடுநாள் படுக்கையிற் கிடந்தவர்க்கும், உட்செவியில் முன்பு வேறு நோய் கண்டவர்க்கும் இது நேரலாம். ஆண்களிலும் பெண்களிடத்தே இது மிகுதி. கழன்ற பளிங்குகள் பெரும்பாலும் தாழ்ந்த நிலையிலுள்ள பின் அரைவட்டக் கால்வாய்க்குள்ளே போய் விழுகின்றன.

அதன் பின்னர் தலையைச் சாய்க்கும்போதெல்லாம் அவை கால்வாய்க்குள் உருளுகின்றன. உருளும்போது நீர்மத்தையும் உடன் இழுக்கின்றன. தலை நின்றுவிட்டது, ஆனால் நீர்மம் ஓடுகின்றது. "தலை சுழல்கின்றது" என்று அச்செவி மூளைக்குப் பொய்ச் சாட்சி சொல்கின்றது. கண்களும் மறுசெவியும் "இல்லை" என்கின்றன. இச்சாட்சிகளின் முரண்பாடே தலைச்சுற்று. கற்கள் கால்வாயின் அடியிற் படிந்ததும், அரை நிமிடத்திலோ ஒரு நிமிடத்திலோ, சுழற்சியும் ஓய்கின்றது.

சுழல்வகைத் தலைச்சுற்றுக்களுள் மிகப் பெரும்பாலும் காணப்படுவது இதுவே. படுக்கையிற் புரளும்போதும், படுக்கும்போதும், எழும்போதும், குனியும்போதும், அண்ணாந்து பார்க்கும்போதும் இது வரும். எமது வாழ்க்கையில் அத்தகைய வேளைகளுக்குக் குறைவில்லை. கோபுர தரிசனத்திற்கு அண்ணாந்து பார்ப்பவர், பரணிலிருந்து பாத்திரம் எடுப்பவர், குனிந்து முற்றம் கூட்டுபவர், கோயில் வீதியிலே அங்கப்பிரதட்டை செய்பவர் ஆகியோர் யாவரும் இதனை அறியக்கூடும்.

விடை கண்டவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, திடீரெனத் தலை சுற்றி விழுந்தவர்களின் மூளையில் இரத்தம் தேங்கிவிட்டதென்று கருதி, இரத்தத்தை வடித்தெடுப்பதே ஐரோப்பிய வைத்தியர் பலருடைய வழக்கமாயிருந்தது. 1824ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து அறிஞர் புளூரன்ஸ், புறாக்களின் அரைவட்டக் கால்வாய்களை வெட்டிய பரிசோதனைகளை வெளியிட்டார். அப்பறவைகள் நிலைகுலைந்து சுற்றிச் சுற்றி வந்தன. பாரிசில் வாய்பேசாச் செவிடர்க்கான நிறுவனத்தின் வைத்தியராயிருந்த மெனியேர் என்பவர், 1861ஆம் ஆண்டில், இத்தகைய தலைச்சுற்று உட்செவியிலிருந்தும் பிறக்கும் என்று எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். இன்று ஒரு நோய் அவர் பெயரால் வழங்குகின்றது.

அவருக்குப் பின் வந்தவர் வியன்னா நகரத்து றொபேட் பாரானி. நோயாளரின் செவியை நீர் பீச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றுவதையும், அவர்களுடைய கண்மணிகள் துடித்தாடுவதையும் அவர் கவனித்தார். நீர் போதிய சூடில்லாவிடின் தலை சுற்றுகின்றது என்று நோயாளி ஒருவர் முறையிட்டார். சூட்டைக் கூட்டிப் பார்த்தபோது கண்மணிகள் எதிர்த்திசையில் ஆடின. மற்றொருவர் முறைப்பாடென்று தள்ளியிருக்கக்கூடியதை அவர் ஒரு பரீட்சையாக்கினார். உட்செவியின் நிலையைக் கண்ணிலே வாசிக்கும் வழி அவ்வாறு பிறந்தது. 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டபோது, அவர் முதலாம் உலகப்போரிலே சிறைப்பட்டு ருசிய நாட்டு முகாமொன்றில் இருந்தார். 1916ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இளவரசரின் முயற்சியினால் விடுதலை பெற்றார். தலையின் நிலை மாறும்போது மாத்திரம் வரும் தலைச்சுற்றை அவர் 1921ஆம் ஆண்டில் விவரித்தார்.

1952ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த டிக்ஸ் அம்மையாரும் ஹோல்பைக்கும் இதனை நிச்சயிக்கும் பரீட்சையை வகுத்தனர். சிகிச்சை அதன் பின்னரே வந்தது. அமெரிக்காவின் போட்லண்ட் நகரத்து வைத்தியர் ஜோன் எப்லி, "கற்கள்தாம் காரணமெனின், தலையை முறையாகத் திருப்பி அவற்றை வந்த வழியே வெளியேற்றலாம்" என்றார். சக வைத்தியர்கள் முதலில் இதனை நகைத்து ஒதுக்கினர். அவருடைய முறை 1992ஆம் ஆண்டில் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது.

வைத்தியர் கேட்கும் வினாக்கள்

இந்நோய்க்குறியின் காரணத்தைக் காண விலையுயர்ந்த யந்திரங்கள் பெரும்பாலும் வேண்டா. நோயாளி சொல்லும் வரலாறே முதற்கருவி. குறிப்பாக இரண்டு வினாக்களுக்கு விடையை ஆயத்தஞ்செய்துகொண்டு வைத்தியரிடம் செல்வது நன்று. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் நீடிக்கின்றது? எதனைச் செய்யும்போது தொடங்குகின்றது?

தலையைத் திருப்பும்போது தொடங்கி ஒரு நிமிடத்திற்குள் ஓய்ந்தால் கற்களையே முதலில் ஐயுற வேண்டும். தானாக வந்து, இருபது நிமிடம் முதல் பல மணி நேரம்வரை நீடித்து, அவ்வேளையில் ஒரு செவி அடைத்ததுபோலாகி, இரைச்சலும் கேள்விக்குறைவும் கூடினால் அது மெனியேர் நோயாகலாம். அதற்கு உணவில் உப்பைக் குறைக்குமாறு வைத்தியர் கூறுவது வழக்கம். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அக்கணக்கிற் சேரும். தடிமன் போன்ற தொற்றொன்றின் பின் தொடங்கி, நாட்கணக்கில் ஓயாது சுற்றி வாந்தியுண்டாக்குவது சமநிலை நரம்பின் அழற்சியாகலாம். ஒற்றைத் தலையிடி உள்ளவர்க்கு அதன் ஒரு வடிவமாகவே தலைச்சுற்று வருவதுமுண்டு. ஸ்ரெப்ரோமைசின், ஜென்ரமைசின் போன்ற மருந்துகளும் உட்செவியைத் தாக்கக்கூடியவை. ஆதலால் எடுத்த மருந்துகள் யாவற்றையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும்.

கற்களென்று ஐயுற்றால் வைத்தியர் டிக்ஸ் ஹோல்பைக் பரீட்சையைச் செய்வார். நோயாளியைக் கட்டிலில் இருத்தி, தலையை ஒரு பக்கமாக 45 பாகை திருப்பி, விரைவாகப் பின்னே சாய்த்து, தலை கட்டிலின் விளிம்புக்குச் சற்றுத் தாழுமாறு படுக்கவைப்பார். சில வினாடிகளில் தலை சுற்றும். கண்மணிகள் சுழன்று துடிக்கும். எப்பக்கம் சாய்த்தபோது அது தோன்றுகின்றதோ, அப்பக்கச் செவியே குற்றவாளி.

சில நிமிடச் சிகிச்சை

எப்லியின் முறையும் ஏறக்குறைய அந்நிலையிலிருந்தே தொடங்குகின்றது. வலச்செவியிற் குற்றமெனின், தலையை வலப்புறம் திருப்பிப் படுக்கவைத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை பொறுப்பார்கள். பின்னர் தலையை 90 பாகை இடப்புறம் திருப்பி மீண்டும் பொறுப்பார்கள். அதன்பின் உடம்பையும் இடப்புறமாகப் புரட்டி, முகம் நிலத்தை நோக்குமாறு செய்து மறுபடியும் பொறுப்பார்கள். இறுதியில் எழுப்பி இருத்துவார்கள். கால்வாயின் வளைவு வழியே கற்கள் படிப்படியாக நகர்ந்து தாம் கழன்ற பைக்குள்ளே மீள விழுந்துவிடுகின்றன. பெரும்பாலானோர்க்கு ஒரு தடவையிலோ சில தடவைகளிலோ குணம் தெரிகின்றது. சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து மீண்டும் வருவதுண்டு. அப்போதும் சிகிச்சை இதுவே.

எமது அயலிலே எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கின்றார். இரண்டு ஆண்டுகளாக அவர் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டார். கட்டிலிற் படுத்தாற் கூரை சுழல்கின்றதென்று சாய்மனைக் கதிரையிலே உறங்கினார். பிள்ளைகள் அவரைக் கிணற்றடிக்கும் தனியே விடுவதில்லை. குளிசைகள் மாறின, தலைச்சுற்று மாறவில்லை. பின்னர், காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணர் ஒருவர் அவரைப் பரிசோதித்து இம்முறையைச் செய்தார். எழுந்து அமர்ந்த மூதாட்டி, "குளிசை ஒண்டும் தரமாட்டியளோ, டொக்டர்?" என்று ஏமாற்றத்துடன் வினவினாராம். அன்றிரவு கட்டிலிற் படுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனார்.

அம்மூதாட்டியின் வினா எம்மெல்லோருடைய வினாவுமாகும். மருந்தென்றால் விழுங்குவதொன்று என்றே பழகிவிட்டோம். தலைச்சுற்றுக் குளிசைகள் குமட்டலைத் தணிக்கச் சில நாட்களுக்கு உதவும். ஆயினும் இடம் மாறிய கல்லை எக்குளிசையும் நகர்த்தாது. அவற்றுட் சில, முதியோர் நெடுங்காலம் எடுப்பின், உறக்கமயக்கத்தையும் கை நடுக்கத்தையும் உடல் விறைப்பையும் உண்டாக்கும். தேசிக்காயும் கொத்தமல்லி நீரும் உடம்புக்கு இதம் தரலாம். அவற்றை நாம் பழிக்கவில்லை. கல்லை நகர்த்துவது அவற்றின் தொழிலன்று.

எனினும், இதனை வாசித்த மாத்திரத்தில் வீட்டிலே செய்து பார்க்க முற்படலாகாது. எச்செவி, எக்கால்வாய் என்பதை முதலில் வைத்தியர் நிச்சயிக்க வேண்டும். கழுத்தெலும்பிற் கோளாறுள்ளவர்க்கு முறையை மாற்ற நேரிடும். ஒருமுறை கற்றுக்கொண்டபின், வைத்தியரின் அனுமதியுடன் வீட்டிலும் செய்யலாம்.

தாமதிக்கலாகாத வேளை

தலைச்சுற்றுக்களிற் சிறுபகுதி செவியிலன்றி மூளையிலே பிறப்பது. மூளி எனப்படும் சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் செல்லும் இரத்தக் குழாய் அடைபடினும் உடைபடினும் தலைச்சுற்றே முதற்குறியாகத் தோன்றலாம். பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நாக்குழறல், முகம் ஒரு பக்கம் கோணல், கை கால் சோர்தல் அல்லது விறைத்தல், விழுங்க இயலாமை, முன்னொருபோதும் இல்லாத கடுந்தலையிடி, பிடியின்றி நிற்கவோ நடக்கவோ முடியாமை ஆகியவற்றுள் ஒன்றேனும் தலைச்சுற்றுடன் சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நெஞ்சுவலியோடு வரும் மயக்கத்திற்கும், திடீரென ஒரு செவி கேளாமற் போவதற்கும் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்வது அவசியம்.

வீட்டிலுள்ளோர் செய்யத்தக்கவை

முதியோர்க்குத் தலைச்சுற்றைவிடப் பெரிய பகை அதனால் வரும் வீழ்ச்சி. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிலானவர் பழைய நிலைக்கு மீள்வது அரிது. ஆகவே, தலை சுற்றும் வேளையில் நின்ற இடத்திலேயே இருந்துவிட வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது முதலிற் கட்டிலின் ஓரத்தில் இருந்து, சற்றுப் பொறுத்தே நிற்க வேண்டும். மலசலகூடத்திற்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். ஈரமான குளியலறையிலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கட்டும். குணமாகும்வரை ஏணியில் ஏறுதலும், கிணற்றுக் கட்டிலே நின்று நீர் அள்ளுதலும், சைக்கிளும் மோட்டார் வாகனமும் ஓட்டுதலும் வேண்டா.

ஆனால் அச்சத்தினால் அசையாமற் கிடப்பதும் தவறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்திலே, தலையிற் காயமுற்றுத் தடுமாறியவர்களுக்குக் கோதோனும் குக்சியும் கண்ணையும் தலையையும் படிப்படியாக அசைக்கும் பயிற்சிகளை வகுத்தனர். ஒரு செவி தளர்ந்தவிடத்து மறுசெவியையும் கண்ணையும் பாதங்களின் உணர்வையும் கொண்டு மூளை சமநிலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்பதை அவை காட்டின. நரம்பு அழற்சியிலிருந்து தேறுவோர்க்கு இன்றும் இத்தகைய பயிற்சியே பெருந்துணை. படுத்தே கிடக்கும் மூளை பாடம் படிப்பதில்லை.

எமது வீடுகளில் முதியோர் பலர் தம் நோயைச் சொல்வதில்லை. சொன்னாலும் "வயது போனால் அப்படித்தான்" என்று இளையோர் முடித்துவிடுகின்றனர். தாயோ தந்தையோ கோயிலுக்குப் போவதை நிறுத்தினால், சுவரைப் பிடித்து நடந்தால், கதிரையிலேயே உறங்கினால், காரணத்தைக் கேளுங்கள். "எப்போது சுற்றுகின்றது, எவ்வளவு நேரம் சுற்றுகின்றது" என்ற இரண்டு வினாக்களையும் கேட்டு, விடையை எழுதிக்கொண்டு, அவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். முதுமையென்று ஒதுக்கி வைத்தது, சில நிமிடங்களில் அகற்றிவிடக்கூடிய சில துளிக் கற்களாகவும் இருக்கலாம்.